பெரிய கொடி எப்படிக் கிழிந்தது

இதை எழுதலாமா வேண்டாமா என்று எனக்குள்ளேயே அடித்துக்கொண்டு பல வருஷத்தை ஓட்டிவிட்டேன். ஒவ்வொரு தவக்காலத்திலும் பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருவேன். இரண்டு வரி எழுதியதும் கை நின்றுவிடும். அந்தக் கட்சி ஆபீசில் வேலை பார்த்துத்தான் என் பெண்களைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தேன். தின்ற சோற்றுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றும். ஒரு சாவு வீட்டில் நடந்த அசிங்கத்தைத் தெருவில் சொன்னால் செத்தவரின் ஆத்துமா வருத்தப்படுமோ என்று இன்னொரு பக்கம் பயம். பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோது எங்கள் சாமியாரிடமே கேட்டேன். "கோபம் அடங்கினப்புறம் எழுதுங்க அந்தோணி" என்றார். காத்திருந்தேன். அடங்கவில்லை. போன மாதம் நடந்ததைப் பார்த்த பிறகு இது அடங்காத கோபம் என்று தெரிந்துவிட்டது. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். ஆண்டவர் மன்னிப்பார்.

கட்சியின் பெயரைச் சொல்ல மாட்டேன். கொடியின் நிறத்தையும் சொல்ல மாட்டேன். சொன்னால் மற்ற கட்சிக்காரர்கள் இதை எடுத்துக்கொண்டுபோய் அவர்கள் மேடையில் படிப்பார்கள். அவர்கள் என்னவோ உடையாத கட்சி மாதிரி!

நான் அதிகம் படித்தவன் இல்லை. கல்யாணமான புதிதில் கட்சி ஆபீசில் உதவியாளாகச் சேர்ந்தேன். பெருக்குவது, நாற்காலி போடுவது, டீ வாங்கிவருவது, வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது. இதெல்லாம் யாரும் செய்கிற வேலை. எனக்கென்றே ஒரு வேலை இருந்தது. பெரிய கொடி.

எங்கள் கட்சியில் ஒருவர் இறந்துபோனால் ஆபீசிலிருந்து கொடி போகும். கம்பத்தில் ஏற்றுகிற கொடி இல்லை. ஆள் நீளத்துக்கு மேல் இருக்கும், கெட்டித் துணி. இங்கே மில்லில் வேலை பார்த்தவர்களே நெய்து, சாயம் போட்டுத் தைத்துக் கொடுத்தது. அதை உடல்மேல் போர்த்துவோம். அடக்கத்துக்கு முன்னால் எடுத்துவந்துவிடுவோம். அடுத்த சாவுக்கும் அதே கொடிதான். மந்திரியாக இருந்தவருக்கும் அதுதான், மில் வாசலில் இட்டிலி விற்ற அம்மாவுக்கும் அதுதான். ஆளுக்கொரு புதுக் கொடி வாங்கிப் போடலாமே என்று ஒருமுறை யாரோ கேட்டார்கள். அதற்கு எங்கள் ஆபீஸ் செயலர் சொன்னார்: "எல்லாரும் ஒரே போர்வைக்குள்ள படுத்துட்டுப் போகணும்பா. அதுதான் கட்சி."

அந்தச் செயலரை ஊரே முசியே என்றுதான் கூப்பிடும், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. அவர் அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் சர்க்கார் வேலை பார்த்தவர். இவரும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். கத்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நீங்கள் பேசி முடிக்கிற வரைக்கும் துடைப்பார். பெரிய பெரிய ஆட்களெல்லாம் அந்தக் கண்ணாடி துடைப்பதைப் பார்த்துப் பாதியில் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள்.

கொடி போர்த்துவதை அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். முதலில் வீட்டுப் பெண்ணிடம் கேட்கவேண்டும், பெண்சாதியோ மகளோ. "போடலாமாம்மா?" அவர்கள் தலையசைத்தால்தான் பையைப் பிரிக்கவேண்டும். வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை பேசாமல் கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். கையைக் கழுவிக்கொண்டு இரண்டு பேர் பிடித்து, காலிலிருந்து நெஞ்சுவரை மேலே கொண்டுவர வேண்டும். முகத்தை மூடக்கூடாது. ஓரம் தரையில் படக்கூடாது. ஊசி குத்தக்கூடாது, கயிறு கட்டக்கூடாது. பெண்கள் அழுதுகொண்டிருக்கும்போது வீட்டுக்குள் கோஷம் போடக்கூடாது. நான் அவசரப்பட்டால் பக்கத்தில் நின்று, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி "தூஸ்மான், அந்தோணி, தூஸ்மான்" என்பார். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம். முசியே என்பதைத் தவிர அந்த ஒரு வார்த்தைதான் எனக்குத் தெரிந்த பிரெஞ்சு.

எடுக்கிற இடமும் உண்டு. இந்துக்கள் வீடென்றால் சுடுகாட்டில், தீ வைக்கிறதுக்கு முன்னால். முஸ்லிம் வீடென்றால் தூக்குவதற்கு முன்னால் வீட்டிலேயே. எங்கள் கிறிஸ்தவ ஆட்கள் என்றால் மாதா கோவில் கேட்டில். கட்சிக் கொடி கோவிலுக்குள் போகக்கூடாது. சாமியார் கேட்டுக்கு வந்து நிற்பார். தூக்கி வருகிறவர்கள் நிற்பார்கள். நான் கொடியை எடுத்து மடிப்பேன், உடலைத் தொட்ட பக்கம் உள்ளே இருக்கிற மாதிரி. அப்புறம்தான் சாமியார் தீர்த்தம் தெளிப்பார்.

மடித்த கொடியோடு டீக்கடையில்கூட நிற்காமல் நேராக என் வீட்டுக்குப் போவேன். என் மனைவி லூர்து அதைப் பூந்திக்கொட்டை போட்டு அலசி நிழலில் காயவைப்பாள். அலசும்போது அந்த ஆத்துமாவுக்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள் நிறைந்த மரியும் சொல்வாள். செத்தவர் எந்தச் சாமியைக் கும்பிட்டவராக இருந்தாலும் சொல்வாள். நாலு ஓரத்தையும் இரட்டைத் தையல் போட்டு வைத்திருந்தாள். காய்ந்த பிறகு மாதா சுரூபம் இருக்கிற அலமாரியில், கீழ்த்தட்டில் ஒரு ராத்திரி வைத்திருந்துதான் ஆபீசுக்குக் கொடுத்தனுப்புவாள். இதெல்லாம் கட்சி கேட்டது இல்லை. அவளாகச் செய்தது.

கட்சி உடைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தச் சண்டைகளிலும் அசிங்கம் உண்டு. ஆனால் சாவு வீட்டுக்கு வெளியே நின்றுவிடும். ஒரு தடவை தவளக்குப்பத்தில் தங்கராசு என்ற லாரி டிரைவர் இறந்துபோனார். போராட்டங்களில் முன்னால் நின்று ஜெயிலுக்கெல்லாம் போனவர். அப்புறம் பிரிந்து போனவர்களோடு போய்விட்டார். போனதோடு நிற்காமல் மேடைக்கு மேடை முசியேவைத் திட்டித் தீர்த்தார். அவர் பெண்சாதி ஆள் அனுப்பினாள், பழைய பெரிய கொடிதான் போடவேண்டும் என்று. ஆபீசில் இருந்த இளவட்டங்கள் குதித்தார்கள்.

"முசியே, அவன் உங்கள இன்னா பேச்சு பேசினான், மறந்துட்டீங்களா?"

"மறக்கலையே. எங்க அப்பாவைக்கூட இழுத்தான்."

"அப்புறம் எதுக்குக் கொடி? அவனுங்க கட்சி போடட்டும்!"

முசியே கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துக்கொண்டே சொன்னார்: "திட்டினது அவன் வாய். அது மூடிக்கிச்சு. கட்சிக்காக ஜெயில் தரையில படுத்தது அவன் முதுகு. கொடி அந்த முதுகுக்குப்பா. அந்தோணி, கெளம்பு."

அவரும் என்னோடு பஸ்ஸில் வந்தார். பிரிந்துபோனவர்கள் எல்லாரும் அந்த வீட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் கொடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மரியாதை என்றால் அதுதான் மரியாதை.

முசியே வயதாகிப் படுத்து, அவரும் போய்ச் சேர்ந்தார். அவர் மேலும் அந்தக் கொடியைத்தான் போர்த்தினேன். கோவில் கேட்டில் எடுத்து மடிக்கும்போது காதுக்குள் "தூஸ்மான்" என்று கேட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து லூர்துவிடம் கொடுத்தேன். அவள் அழுதுகொண்டே அலசினாள்.

கொடி காய்வதற்குள் கட்சி உடைந்துவிட்டது.

இரண்டு பேர். ஒருவர் வக்கீல், ஒருவர் கான்ட்ராக்டர். பெயர் வேண்டாம். இரண்டு பேருக்கும் நான்தான் டீ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். முசியே உட்கார்ந்த நாற்காலிக்கு இரண்டு பேரும் ஆசைப்பட்டார்கள். கொள்கை, ஜனநாயகம் என்றெல்லாம் பேப்பரில் வந்தது. எல்லாம் பொய். நான் கூடவே இருந்தவன், எனக்குத் தெரியும். யார் படத்தை முன்னால் மாட்டுவது, யார் கார் ஆபீஸ் வாசலில் நிற்பது, அடுத்த தேர்தலில் யார் கையெழுத்துப் போட்டால் சீட்டு, இதுதான் கொள்கை. ஒரு நாள் காலையில் வக்கீல் ஆட்கள் மாடிப்படியில், கான்ட்ராக்டர் ஆட்கள் கீழே. நாற்காலிகளைத் தூக்கி எறிந்தார்கள். நான் தினமும் துடைத்து வைத்த நாற்காலிகள். செத்துப்போன தலைவர்களின் படங்கள் கண்ணாடி உடைந்து படியில் கிடந்தன. அந்தப் படங்களை மிதித்துக்கொண்டே இரண்டு பக்கமும் அந்தத் தலைவர்கள் பெயரையே சொல்லி வாழ்க என்று கத்தினார்கள். போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார், ஆபீசுக்குச் சீல் வைத்தார்கள். விஷயம் கோர்ட்டுக்குப் போனது. உண்மையான கட்சி எது என்று கோர்ட் சொல்லவேண்டுமாம்! வழக்கு முடிகிற வரைக்கும் ஆளுக்கொரு புதுக் கொடி. ஒருவர் பழைய கொடியில் ஒரு கோடு சேர்த்தார். இன்னொருவர் நடுவில் ஒரு வட்டம் வைத்தார்.

பெரிய கொடி ஆபீஸ் பீரோவில் மாட்டிக்கொண்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். அது என் வீட்டில் மாதா அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் அரியாங்குப்பத்தில் சவரிமுத்து அண்ணன் படுக்கையில் விழுந்தார். மில் தொழிலாளியாக இருந்தவர். அந்த நாள் வேலைநிறுத்தத்தில் போலீஸ் அடித்த அடியில் ஒரு காது கேட்காமல் போனது. அதற்காக எவனிடமும் ஒன்றும் கேட்டு நின்றதில்லை. கட்சியில் மூத்தவர்கள் என்று உயிரோடு மிஞ்சியிருந்தது அவர் ஒருத்தர்தான். அதனால் வக்கீலும் வந்தார், கான்ட்ராக்டரும் வந்தார். 'சவரி அண்ணன் எங்க பக்கம்' என்று ஒரு போட்டோ வேண்டும் அவர்களுக்கு. அண்ணன் இரண்டு பேரையும் கேட்காத காதுப் பக்கமாக உட்காரவைத்துவிட்டார். அப்புறம் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒண்ணா படியேறி வாங்க. டீ போடச் சொல்றேன். தனித்தனியா வந்தா பச்சத்தண்ணிதான்."

அவர் பெண்சாதி ஞானம்மா அண்ணியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். "எனக்குப் பெரிய கொடியப் போடு. அதுல முசியே படுத்தாரு, தங்கராசு படுத்தான். நானும் அதுல படுத்துட்டுப் போறேன். இந்தப் புதுசு ரெண்டும் என் மேல படக்கூடாது."

அவர் இறந்த அன்றைக்குக் காலையில் அண்ணி எனக்குப் போன் செய்தார்கள். அழுகையே இல்லை. "தம்பி, பெரிய கொடி ஆபீஸ்லயா மாட்டிக்கிச்சு?"

"இல்லண்ணி. நம்ம வீட்ல இருக்கு."

"மாதாவே! எடுத்துக்கினு சீக்கிரம் வா. இங்க வந்து பாரு, கூத்தா இருக்கு."

கொடியைப் பையில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனேன். தெருவுக்குள் நுழைய முடியவில்லை. கார்கள். இந்த முனையில் கோடு போட்ட கொடி கட்டின கார்கள், அந்த முனையில் வட்டம் போட்ட கொடி கட்டின கார்கள். வீட்டுக்குள் அண்ணன் மரப்பெட்டியில் படுத்திருக்கிறார். கையைக் கோத்து ஜெபமாலையைச் சுற்றிவிட்டிருக்கிறார்கள். அவர் மேல் கோட்டுக் கொடி. அதன்மேல் வட்டக் கொடி. அதன்மேல் மறுபடியும் ஒரு கோட்டுக் கொடி. கடையில் துணி விரித்துக் காட்டுகிற மாதிரி! யாராவது ஒருவர் அண்ணியிடம் "போடலாமாம்மா?" என்று கேட்டார்களா? கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினார்களா? அதுவும் இல்லை. அவர் முகத்துக்கு நேராக ஒருத்தன் செல்போனை நீட்டிக்கொண்டு, "கொஞ்சம் தள்ளுங்க, நம்ம கொடி தெரியல" என்கிறான்.

நான் வெளியே செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனேன். கையைக் கழுவினேன். அண்ணி முன்னால் நின்று, முசியே சொல்லிக்கொடுத்த மாதிரியே கேட்டேன்: "போடலாமா அண்ணி?"

"போடு தம்பி. அந்தக் கந்தலையெல்லாம் எடுத்து வெளிய வை."

புதுக் கொடிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து ஓரமாக வைத்தேன். அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரிகிறதுக்குள் பெரிய கொடியைக் காலிலிருந்து நெஞ்சுவரை போர்த்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் மறுமுனையைப் பிடித்தார்.  அண்ணி அப்போதுதான் முதல்முறையாக அழுதார்கள். அண்ணன் கேட்டது அவருக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்தது தப்பு.

பழைய கொடியைப் பார்த்ததும் வக்கீலுக்குக் கண் விரிந்தது. அவர் அழ வந்தவர் இல்லை, வழக்கு நடத்த வந்தவர். என் தோளைப் பிடித்துத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"அந்தோணி, இது ஒரிஜினல்தானே? மில்லுல நெய்ஞ்சது?"

"ஆமாங்க."

"கோவில் கேட்ல நான்தான் எடுப்பேன். போட்டோ எடுக்க ஆள் நிக்கிறான். ஒரிஜினல் கொடி எங்க கைக்குத்தான் வந்துச்சுன்னு கோர்ட்ல போடணும். புரியுதா?"

"எடுக்கிறது ஆபீஸ் ஆளுங்க. முசியே காலத்திலேருந்து அப்படித்தானே."

"ஆபீசே இல்ல, இன்னாய்யா ஆபீஸ் ஆளு?" என்றார்.

இதைக் கான்ட்ராக்டர் காதில் வாங்கிவிட்டார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "யோவ் வக்கீலு! பொணத்து மேல கூட ஸ்டாம்ப் ஒட்டப் பாக்குறியா? சவரியப்பா எங்க ஆளு. அவரு பேத்திக்கு வேல வாங்கிக் குடுத்தது நானு."

"வேல வாங்கிக் குடுத்தா பொணம் உன்னுதா? கணக்கு எழுதிக்கினு வந்திருக்கியா?"

"ஐயா, சாவு வீடு" என்றேன். "அண்ணி உக்காந்திருக்காங்க. கொஞ்சம் வெளிய போயி..."

"நீ வாயை மூட்றா. டீ வாங்கறவனெல்லாம் பஞ்சாயத்துக்கு வந்துட்டான்." இதைச் சொன்னது கான்ட்ராக்டர். வக்கீல் சிரித்தார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒற்றுமை.

அடுத்து நடந்தது இதுதான். வக்கீல் குனிந்து தலைமாட்டுப் பக்கம் கொடியைப் பிடித்தார். கான்ட்ராக்டர் கால்மாட்டுப் பக்கம் பிடித்தார். அவர்களுடைய ஆட்கள் இல்லை. அவர்களே. நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். "விடு." "நீ விடு." பெட்டி முக்காலியிலிருந்து நகர்ந்தது. நான் பெட்டியைப் பிடிப்பேனா, கொடியைப் பிடிப்பேனா? பெட்டியைத்தான் பிடித்தேன். அண்ணனின் தலை ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. பின்னாலிருந்து ஆட்கள் வேறு சேர்ந்துகொண்டு இழுத்தார்கள். கொடி அவர் நெஞ்சுக்கு நேராகக் கிழிந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கொடியோடு சேர்ந்து அவர் விரலில் சுற்றியிருந்த ஜெபமாலையும் இழுபட்டு அறுந்தது. மணியெல்லாம் சிமெண்ட் தரையில் தெறித்து, அவர்கள் செருப்புக் காலுக்குள்ளே உருண்டது.

அப்போதாவது நிறுத்தினார்களா? ஆளுக்குப் பாதியைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். "கொடியக் கிழிச்சிட்டானுங்க, கொடியக் கிழிச்சிட்டானுங்க" என்று இரண்டு கூட்டமும் கத்திக்கொண்டே போனது. நேரே போலீஸ் ஸ்டேஷன். ஒருத்தர் மேல் ஒருத்தர் புகார் கொடுக்க. கார்களெல்லாம் போன பிறகு தெருவில் புழுதிதான் மிச்சம்.

உள்ளே அண்ணி தரையில் முட்டிபோட்டு மணி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வயசில்! நானும் உட்கார்ந்து பொறுக்கினேன்.  பொறுக்கிக்கொண்டே அண்ணி சொன்னார்கள்.

"அவரு தலைய நேரா வை தம்பி."

வைத்தேன்.

"கொடி கேட்டாரு. குடுத்தோம். புடுங்கிட்டானுங்க. நாம இன்னா செய்யறது?" என்றார்கள். பிறகு தன் கழுத்தில் இருந்த ஜெபமாலையைக் கழற்றி அண்ணன் விரலில் சுற்றினார்கள். "இதுக்கு எவனும் சண்டைக்கு வரமாட்டான்."

பெட்டியைத் தூக்க ஆள் இல்லை. காலையில் தோள் கொடுக்கிறேன் என்று முட்டிமோதினவர்களில் ஒருவன்கூட இல்லை. ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து நாலு பேர் வந்தார்கள். எந்தக் கட்சியோ, தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அண்ணனோடு மில்லில் வேலை பார்த்த ஒரு பெரியவர், கம்பு ஊன்றி நடக்கிறவர், தூக்க முடியாமல் பெட்டியைத் தொட்டுக்கொண்டே கூட நடந்தார்.

கோவில் கேட்டுக்கு வந்தோம். வழக்கம்போல் நின்றோம். சாமியார் தீர்த்தச் செம்போடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எங்கள் வழக்கம் தெரியும், நான் கொடியை எடுக்கட்டும் என்று காத்திருந்தார். பழக்கத்தில் என் இரண்டு கையும் பெட்டியை நோக்கிப் போய்விட்டன. அங்கே எடுக்க ஒன்றும் இல்லை. வெள்ளைச் சட்டையும் ஜெபமாலையும்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். சாமியார் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தீர்த்தம் தெளித்தார். அன்றோடு எனக்கு அந்த வேலை முடிந்தது. அப்புறம் எந்த அணி கூப்பிட்டும் நான் போகவில்லை.

இப்போது சொல்கிறேன், ஏன் எழுதுகிறேன் என்று.

போன மாதம் அந்த இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள். வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார்களாம். தேர்தல் வருகிறது, தனித்தனியாக நின்றால் இரண்டு பேருக்குமே ஒன்றும் தேறாது. இணைப்பு விழா என்று ஊரெல்லாம் பேனர். சீலை எடுத்துத் திறந்த ஆபீசில் இப்போது என் வேலையைப் பார்க்கிற முருகன் வீட்டுக்கு வந்தான். நல்லவன், அவனைக் குறை சொல்லமாட்டேன்.

"அண்ணே, உங்களுக்கும் மேடையில சால்வை போடறாங்களாம். பெரிய கொடியப் பாதுகாத்தவர்னு சொல்லப்போறாங்களாம்."

"எந்தப் பெரிய கொடி?"

"ரெண்டு பாதியும் சேத்துத் தெச்சுட்டாங்கண்ணே. கண்ணாடிப் பொட்டியில வெச்சு, சுத்தி லைட்டு போட்டு... ஏண்ணே, அது எப்படிக் கிழிஞ்சுது? யாரக் கேட்டாலும் ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க."

நான் சால்வை வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். விழாவை லோக்கல் கேபிளில் போட்டார்கள். நானும் லூர்துவும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் வக்கீல், அந்தப் பக்கம் கான்ட்ராக்டர். கை கோத்துத் தூக்கினார்கள். வக்கீல் மைக்கில் பேசினார். காலத்தால் நைந்து கிழிந்துபோன கொடியை இருவரும் சேர்ந்து தைத்திருக்கிறோம் என்றார். தியாகி சவரிமுத்து ஐயாவின் இறுதி ஊர்வலத்தில்கூட இரண்டு அணியும் இந்த ஒரே கொடியின் கீழ்தான் கண்ணீரோடு நடந்தோம் என்றார். கான்ட்ராக்டர் கண்ணைத் துடைத்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்?

லூர்து டிவியைப் பார்த்தபடியே கேட்டாள்: "நைஞ்சிருந்துதாமா?"

நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

"எத்தன பேருக்கு அலசியிருப்பேன். ஒரு எழை பிரிஞ்சிருந்தா அன்னிக்கே தெச்சிருப்பேன். நைஞ்சிருந்துதாமா?" என்று எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விட்டாள். அவள் முதுகு குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

கர்த்தரே, மனுஷன் பொய் சொல்வான், எனக்குத் தெரியும். திருடுவான், அதுவும் தெரியும். ஆனால் ஒரு பிணத்தின் நெஞ்சின்மேல் வைத்துக் கிழித்த துணியை அந்தப் பிணத்தின் பெயரைச் சொல்லியே காட்சிக்கு வைத்து ஓட்டுக் கேட்கிற வாய் எப்படிப்பட்ட வாய்? பழியை என் பெண்சாதி கையால் அலசிய தண்ணீரின்மேல் போடுகிறார்களே, இவர்கள் எந்த அப்பன் ஆத்தாள் வளர்த்த பிள்ளைகள்? இந்த மேடையை முசியே பார்த்திருந்தால் கண்ணாடியைக் கழற்றியிருப்பார். துடைத்துத் துடைத்துக் கண்ணாடியே தேய்ந்துபோயிருக்கும்.

மறுநாள் அரியாங்குப்பம் போனேன். அண்ணிக்கும் அழைப்பு வந்திருந்தது, அவர்களும் போகவில்லை. அந்த அழைப்பிதழைப் பால் பாத்திரத்துக்கு மூடியாக வைத்திருந்தார்கள்.

"எழுதப்போறேன் அண்ணி. உங்களுக்குச் சங்கடம் இல்லையே?"

"எனக்கு இன்னா சங்கடம்? கிழிச்சவனுங்களுக்கே சங்கடம் இல்ல. எழுது. ஆனா நடந்தத மட்டும் எழுது. அவரப் பத்திப் பெருசா ஏத்தி எழுதாத. அவருக்குப் புடிக்காது."

பேசிக்கொண்டே கையில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அறுந்த அதே ஜெபமாலை. பொறுக்கின மணிகளைத் தானே கோத்துவைத்திருக்கிறார்கள். நடுநடுவே மணி இல்லாமல் வெறும் நூல் முடிச்சாக இருந்தது.

"புது மணி வாங்கிக் கோத்துத் தரட்டுமா அண்ணி? கோவில் வாசல்ல விக்கிறாங்க."

"வேணாம் தம்பி. கெடைக்காத மணி கெடைக்காததுதான். அந்த எடம் வந்தா முடிச்சத் தொட்டு, அவருக்கு ஒண்ணு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போறேன்."

இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதைப் பிரதி எடுங்கள், போனில் அனுப்புங்கள், கோவில் முடிந்து நிற்கிற இடத்தில் வாசித்துக் காட்டுங்கள். கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கப் போகிற யாராவது இருந்தால் முதலில் அவர்கள் கையில் கொடுங்கள். ஆனால் ஒரு வரியைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எந்தக் கட்சியையும் இதற்குள் நுழைக்க வேண்டாம். என்னைப் புகழ்ந்தும் ஒரு வார்த்தை சேர்க்காதீர்கள், நான் பெட்டியைப் பிடித்தேன், அவ்வளவுதான். பின்னாலிருந்து இழுத்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது, அதனால் எழுதவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் என்ன பேசினார்கள் என்றும் தெரியாது, அதையும் எழுதவில்லை. அண்ணி முடிச்சுப் போட்டு வைத்திருக்கிற மாதிரி அந்த இடங்களை வெறுமனே விட்டிருக்கிறேன். நீங்களும் அங்கே மணி கோக்காமல் அப்படியே அடுத்தவர் கையில் கொடுங்கள்.